கர்த்தர் கேட்டது ஒன்று, நாம் கொடுப்பது வேறொன்று: அழைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாத வாலிபர் முகாம்கள் முடிந்து ஜூன் பிறந்தால் எங்கள் சபை அலுவலகத்துக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். கடைசி நாள் கூட்டத்தில் கை உயர்த்தித் தங்களை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தவர்கள். அவர்களோடு உட்கார்ந்து அழைப்பைப் பற்றி, அதாவது கர்த்தர் அவர்களை எதற்குக் கூப்பிடுகிறார் என்பதைப் பற்றி, பேசுவதுதான் சபையில் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பணி. பாதிப் பேர் சந்தோஷமாக வருவதில்லை. கர்த்தர் எதையோ கேட்கிறார், அது பிடிக்கவில்லை, வெளியே சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சங்கடத்தில் அவர்கள் எடுக்கும் முடிவுகளைப் பார்த்தால், என் வயதுக்காரர்கள் அந்த நாளில் எடுத்த முடிவுகளேதான். அதில் நானும் உண்டு. அதனால் எழுதுகிறேன். வேதம் வாசியுங்கள், ஜெபியுங்கள் என்பதையெல்லாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதெல்லாம் தெரிந்த பிறகும் இடறுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பிடிக்கவில்லை என்று சொல்லவே பயப்படுவது

“எனக்கு இஷ்டமில்லக்கா. ஆனா அப்படி நினைச்சாலே கர்த்தர் கோபப்படுவாரோன்னு பயமா இருக்கு.” வருஷா வருஷம் யாராவது ஒருவர் இதைச் சொல்லி அழுவார்கள்.

தமஸ்குவில் இருந்த அனனியாவைப் பாருங்கள். பின்னால் பவுல் ஆன சவுலைப் போய்ப் பார் என்று ஆண்டவர் சொன்னதும் அவன் உடனே கிளம்பவில்லை. இந்த ஆள் எருசலேமில் விசுவாசிகளை என்ன பாடுபடுத்தினான் தெரியுமா, இங்கேயும் எங்களைப் பிடித்துக் கட்டத்தான் வந்திருக்கிறான் என்று நேராகவே சொன்னான். அதற்காக ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. காரணத்தை விளக்கினார், அவன் போனான். மோசேயின் கதையும் அப்படித்தான். நான் யார், உம்முடைய நாமம் என்னவென்று சொல்வேன், நம்பமாட்டார்களே, எனக்குப் பேச வராதே என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைத்தது. எல்லாப் பதிலையும் வாங்கிக்கொண்ட பிறகு, வேறு யாரையாவது அனுப்பும் என்றபோதுதான் கர்த்தருக்குக் கோபம் மூண்டது. அப்போதும் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார்.

ஆகவே உங்கள் பயத்தை உள்ளபடியே ஜெபத்தில் சொல்லுங்கள். “உம் சித்தம் ஆண்டவரே” என்று வாயால் சொல்லிக்கொண்டு உள்ளுக்குள் குமைகிறவர்கள்தான் இரண்டு வருஷத்தில் கசந்துபோய்த் திரும்பி வருகிறார்கள்.

கஷ்டம் என்றாலே கர்த்தர் என்று முடிவு கட்டுவது

இது மேலே சொன்னதன் மறுபக்கம். எனக்குப் பிடிக்காதது எதுவோ அதுதான் தேவசித்தம் என்று ஒரு எண்ணம் நம் சபைகளில் ஊறிப்போயிருக்கிறது. அடிக்கிற புருஷனோடு இருப்பதுதான் உன் சிலுவை என்று ஒரு பெண்ணுக்கு யாராவது சொன்னால், அது அழைப்பே இல்லை. அந்தப் பெண்ணைப் பத்திரமான இடத்துக்கு அழைத்துப் போங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பெரியதைக் கொடுத்து, கேட்டதை மறைப்பது

இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். எத்தனை வருஷம் ஆனாலும் இதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

கர்த்தர் கேட்பது பல நேரங்களில் சின்னதாக இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், செய்யக் கூச்சமாக இருக்கும். இன்னாரிடம் போய் மன்னிப்புக் கேள். அப்பா வைத்துவிட்டுப் போன கடனில் உன் பங்கைக் கட்டு. படுக்கையில் கிடக்கும் பாட்டியைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள். அதற்கு மனம் வராது. முடியாது என்று சொன்னால் மனசாட்சி தூங்கவிடாது. அப்போது ஒரு வழி தோன்றும்: கேட்டதைவிடப் பெரிதாக ஒன்றைக் கொடுத்துவிட்டால் என்ன? வேலையை விடுகிறேன், முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன், வடநாட்டுக்குப் போகிறேன். அதை யார் குறை சொல்வார்கள்?

ஒரு தம்பி வந்தான். தாமிரபரணிப் பக்கத்துக் கிராமம், சென்னையில் நல்ல வேலை.

“அக்கா, கர்த்தர் என்னை வடநாட்டு ஊழியத்துக்குக் கூப்பிடறார். பைபிள் காலேஜுக்கு ஃபார்ம் வாங்கிட்டேன்.”

“ஜெபத்துல உக்காந்தா மனசுல என்ன வருது, தம்பி?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “எங்க அண்ணன் முகம்தான்க்கா வருது. பிசாசு எப்படியெல்லாம் தடுக்கிறான் பாருங்க.”

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. அண்ணன் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அப்பாவோடு வாழைத்தோட்டத்தில் இறங்கியவர். அந்த வாழைப் பணத்தில்தான் இவன் இன்ஜினியரிங் படித்தான். அப்பா காலமானதும் சரிபாதி வேண்டும் என்று அண்ணனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தான். அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

“முதல்ல ஊருக்குப் போய் அண்ணனைப் பாத்துட்டு வா. ஃபார்ம் எங்கயும் போயிடாது” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். ஊருக்குப் போகவில்லை, கல்லூரிக்குத்தான் போனான். சபையில் வழியனுப்பு ஆராதனை நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், புது சூட்கேஸ் கொடுத்தார்கள், காணிக்கைக் கவர் கொடுத்தார்கள். கண்கலங்காத ஆளில்லை. அவனுடைய அண்ணன் ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

படித்து முடித்து வடக்கே போய் நன்றாகவே உழைத்தான். அதை மறுக்கமாட்டேன். ஊரில் அந்த நோட்டீஸ் வழக்காக வளர்ந்தது. அண்ணன் கோர்ட்டுச் செலவுக்குத் தோட்டத்தை ஒத்திக்கு வைத்தார். சில வருஷம் கழித்து அவர்களுடைய அம்மா இறந்துபோனார்கள். அடக்கத்துக்குப் போனபோது பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒரே அம்மாவுக்கு இரண்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் ஒட்டியிருந்தன. ஒன்றில் மூத்த மகன் குடும்பம். மற்றதில் இளைய மகன், பெயருக்கு முன்னால் ‘மிஷனரி’ என்று பெரிய எழுத்தில். ஒன்றில் இருந்த பெயர் மற்றதில் இல்லை. பசை இன்னும் காயாமல் சுவரில் வழிந்துகொண்டிருந்தது.

வேதத்தில் இதைப் பற்றி மறைமுகமாக எதுவும் இல்லை, எல்லாம் வெட்டவெளிச்சம். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று ஒதுக்கிவைத்துவிட்டு அவர்களைக் கைவிடுகிறவர்களை இயேசு மாற்கு 7-இல் கடுமையாகவே பேசுகிறார். பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் மத்தேயு 5-இல். ஜெபத்தில் அண்ணன் முகம் வந்ததைப் பிசாசின் தடை என்றானே அந்தத் தம்பி, அந்த முகத்தை அவனுக்குக் காட்டியவர் யார் என்று இந்த வசனத்தை வைத்துப் பார்த்தால் தெரியும். பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் சொன்னது, கட்டளையை மீறித் தப்பவைத்த ஆடுமாடுகளைக் கர்த்தருக்குப் பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்று நின்ற சவுல் ராஜாவிடம்.

எனக்கு மிகவும் பிடித்தது மாற்கு 5. கதரேனர் நாட்டில் லேகியோன் என்ற பிசாசுக் கூட்டத்திலிருந்து விடுதலையான மனிதன் படகண்டையில் நின்று, நானும் உம்மோடு வருகிறேன் என்று கெஞ்சினான். நம் சபையாக இருந்தால் அன்றைக்கே அவனுக்குப் பொன்னாடை போட்டிருப்போம். இயேசு அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. உன் வீட்டுக்கு, உன் இனத்தாரிடத்துக்குப் போ என்று திருப்பி அனுப்பினார். கல்லறைகளில் நிர்வாணமாகக் கத்தித் திரிந்தபோது அவனைப் பார்த்தவர்கள், சங்கிலியால் கட்டிப்போட்டவர்கள், எல்லாரும் இருக்கிற ஊர் அது. தெரியாத ஊரில் சாட்சி சொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் திரும்பிப் போனான். தெக்கப்போலி நாடு முழுக்க அவனால் செய்தி பரவியது.

நீங்கள் கொடுக்கப்போவது இந்த வகையா என்று கண்டுபிடிக்க நான் பிள்ளைகளிடம் கேட்பது இதுதான்: இந்த ஊழியத்துக்குப் போனால் யாரைப் பார்க்காமல் தப்பலாம்? ஒரு பெயர் சட்டென்று வந்தால் விண்ணப்பப் படிவத்தை மேசை இழுப்பறையில் வையுங்கள். அந்த ஆளுக்கு முதலில் ஒரு போன் போடுங்கள். போனை எடுக்காவிட்டால் நேரில் போங்கள். சமாதானம் ஆகாமல்கூடப் போகலாம், அவர் கதவைச் சாத்தலாம். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, பிடித்து வைத்திருக்கும் பணத்தையோ பத்திரத்தையோ ஒப்படைத்துவிட்டு, பிறகு படிவத்தை எடுங்கள். அப்போதும் அழைப்பு இருந்தால் அது உங்களை எங்கே கொண்டுபோனாலும் நானே வந்து வழியனுப்புவேன்.

சபைப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊழியத்துக்குப் போகிற பிள்ளையிடம் மதிப்பெண் பட்டியலும் ஞானஸ்நானச் சான்றிதழும் வாங்குகிறோம். வீட்டில் யாரோடாவது பேச்சில்லாமல் இருக்கிறாயா என்று ஒரு கேள்வியும் கேளுங்கள்.

வழி திறந்தது என்று நம்பிவிடுவது

விசா உடனே வந்தது, சீட் உடனே கிடைத்தது, அதனால் கர்த்தரின் வழி என்பார்கள். யோனாவுக்கும் யோப்பாவில் கப்பல் தயாராக நின்றது. கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. போன திசைதான் தர்ஷீஸ், கர்த்தர் போகச் சொன்ன நினிவே இல்லை.

அடையாளம் மேல் அடையாளம் கேட்பது

கிதியோன் கர்த்தரிடம் அடையாளம் கேட்டுக் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டபோது செய்ய வேண்டியது என்னவென்று அவனுக்கு முன்பே தெரியும். உங்களுக்கும் தெரியும். புதுவருஷ வாக்குத்தத்த வசன அட்டையை மறுபடி எடுத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

அம்மாவின் பொருத்தனையைத் தன் அழைப்பாக எடுத்துக்கொள்வது

“நீ வயித்துல இருக்கும்போதே உன்னை ஊழியத்துக்குப் பொருத்தனை பண்ணிட்டோம்” என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். அன்னாளும் பொருத்தனை பண்ணித்தான், அதாவது நேர்ந்துகொண்டுதான், மகன் சாமுவேலைச் சீலோவில் இருந்த ஆலயத்தில் விட்டாள். ஆனாலும் கர்த்தர் அந்தப் பையனைத் தனியாக, பேர் சொல்லி, திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அம்மாவின் ஜெபத்தை மதியுங்கள். உங்களைக் கூப்பிடும்வரை காத்திருங்கள்.

மறுநாளே ராஜினாமா கொடுப்பது

ஐடா ஸ்கடரின் கதை நம் சபைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். குடும்பமே மிஷனரிக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்த மருத்துவர். ஐடாவுக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். அமெரிக்காவில் படித்து அங்கேயே குடியிருக்க ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தவர், ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டியதைப் பார்த்தார். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். மருத்துவரான தன் அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ‘நீயும் இன்றே தீர்மானி’ என்று பிரசங்கத்தை முடிப்பார்கள். அதற்குப் பின் நடந்ததுதான் நம் பிள்ளைகள் கேட்க வேண்டியது. ஐடா மறுநாளே மருந்துப் பெட்டியைத் தூக்கவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் படித்தார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு 1900-இல் வேலூர் வந்தார். 1902-இல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் அங்கிருந்து வளர்ந்தவை. தீர்மானம் ஒரே இரவில் நடந்தது. அதற்கு ஆயத்தப்பட வருஷங்கள் பிடித்தன. வீட்டுக்கடனும் கைக்குழந்தையும் இருக்கும்போது மனைவியிடம்கூடச் சொல்லாமல் ராஜினாமா கொடுத்துவிட்டு வருகிறவர்களை நான் பாராட்டுவதில்லை, திரும்பிப் போய் மனைவியிடம் பேசச் சொல்கிறேன்.

தனியாக முடிவெடுப்பது

வேண்டாம். பவுலையும் பர்னபாவையும் அந்தியோகியா சபைதான் கைவைத்து அனுப்பியது.

கீழ்ப்படிந்துவிட்டால் பிடித்துப்போகும் என்று எதிர்பார்ப்பது

பிடிக்காமலும் போகலாம். யோனா நினிவேக்குப் போனான், பிரசங்கித்தான், ஊரே மனந்திரும்பியது. அதற்குப் பிறகும் அவன் கோபமாகத்தான் ஊருக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். புத்தகம் கர்த்தர் அவனிடம் கேட்ட கேள்வியோடு முடிகிறது. அவன் சொன்ன பதில் அதில் இல்லை.

மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒரு இல்லத்தில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருத்தி என்னிடம் வருவாள். அழைப்பு என்று உறுதியாகத் தெரிந்துதான் போனாள். “இன்னும் பிடிக்கலக்கா. ராத்திரி டூட்டின்னாலே வயித்தைப் பிசையுது. அப்போ என் அழைப்பு பொய்யா?” என்று போன மாதம் கேட்டாள். கடைசியாக எப்போது லீவு எடுத்தாய் என்று கேட்டேன். அவளுக்கே ஞாபகமில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்றபோது, கர்த்தர் அவனை முதலில் தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். வேலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு ஓரேப் மலையில்தான் வந்தது. அவளுடைய லீவு லெட்டரை என் மேசையிலேயே எழுதவைத்தேன். அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு, போன வாரம் டூட்டியில் சேர்ந்துவிட்டாள். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.