முதல் வகை நீரிழிவோடு புதிய நாட்டுக்கு வருவோர் கவனத்திற்கு

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையோடு புதிய நாட்டில் வந்து இறங்கும் குடும்பம் முதலில் தடுமாறுவது குளுக்கோமீட்டரின் திரையைப் பார்த்துத்தான். இதுவரை 108 என்று காட்டிய சர்க்கரை அளவு இங்கே வாங்கிய கருவியில் 6 என்று தெரிந்தால், அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டதாக எண்ணிப் பதறத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே அளவுதான். சில நாடுகளில் மில்லிகிராமிலும் வேறு சிலவற்றில் மில்லிமோலிலும் கணக்கிடுகிறார்கள். மில்லிமோல் எண்ணை 18 ஆல் பெருக்கினால் பழகிய எண் கிடைத்துவிடும்.

அதைவிட ஆபத்தானது சிரிஞ்சு. மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட இன்சுலின் மருந்துக்கான சிரிஞ்சில், மில்லிலிட்டருக்கு 100 அலகு கொண்ட மருந்தை அதே கோடு வரை ஏற்றினால், இரண்டரை மடங்கு இன்சுலின் உடலுக்குள் போய்விடும். ஆகவே சிரிஞ்சையும் மருந்துப் புட்டியையும் அருகருகே வைத்து, இரண்டிலும் அச்சிட்ட எண் ஒன்றுதானா என்று பார்க்காமல் ஊசி போடவே கூடாது.

இந்த நோய் இனிப்பு தின்றதால் வருவதன்று. பெற்றோரின் தவறும் அன்று. உடலின் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுவதால் வருகிறது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை இழப்பு, நின்றுபோன பிறகு மீண்டும் படுக்கையை நனைத்தல் ஆகியவற்றைப் புது இடம், புதுத் தண்ணீர் என்று சமாதானம் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்த அறிகுறிகளோடு சர்க்கரை 200 மில்லிகிராமுக்கு, அதாவது 11.1 மில்லிமோலுக்குக் குறையாமல் இருந்தால் நீரிழிவு உறுதி. எந்த வகை என்பதை எதிர்ப்பொருள் பரிசோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பெரியவர்களுக்கும் இது வரும்.

இன்சுலினை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சலிலும் வாந்தியிலும், சாப்பிடவில்லையே என்று பலர் ஊசியை விட்டுவிடுகிறார்கள். இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் என்னும் அமிலப்பொருள் பெருகி உயிருக்கே ஆபத்தாவது பெரும்பாலும் அப்போதுதான். அளவை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால், பெரியவர்களுக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சிறு குழந்தைக்கு இதைவிடக் குறைவாகவே போதும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர ஊர்தியை அழையுங்கள்.

கையிருப்பு தீரும் வரை காத்திராமல், வந்த வாரத்திலேயே மருத்துவரிடம் பதிவு செய்துவிடுங்கள். "எனக்கு முதல் வகை நீரிழிவு, இன்சுலின் இல்லாமல் இருக்க முடியாது" என்பதை அந்நாட்டு மொழியில் எழுதி, எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள்.