ஹார்ட்வேர் விவரம்: டிரைவரிலா, டிவைஸ் ட்ரீயிலா?

எம்பெடட் லினக்ஸில் (கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸில்) முதல் டிரைவர் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கோடில் இல்லை. ஐ2சி (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி பஸ்) முகவரி, ரீசெட் பின், சாம்பிள் எண்ணிக்கை, இதையெல்லாம் எந்த ஃபைலில் வைப்பது என்பதில்தான்: டிரைவரிலா, போர்டில் என்ன எங்கே மாட்டியிருக்கிறது என்று லினக்ஸ் கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ என்ற தனி ஃபைலிலா? பாஷ் நிறுவனத்தின் பிஎம்பி280 காற்றழுத்த சென்சாரை ராஸ்பெர்ரி பையில் மாட்டியிருப்பதாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், சிப்பையே கேட்க முடியுமா என்று பாருங்கள். ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) டி0 என்ற ரெஜிஸ்டரை, அதாவது சிப்புக்குள் உள்ள சிறு நினைவு இடத்தை, படித்தால் பிஎம்பி280 என்றால் 58 வரும், ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280 என்றால் 60 வரும். அளவுத்திருத்த எண்களும் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. சிப்பே சொல்லிவிடுவதை வேறெங்கும் எழுத வேண்டாம்.

அடுத்து, அந்த மாடல் சிப் எல்லாவற்றுக்கும் பொதுவானது. ரெஜிஸ்டர் வரிசை, பவர் வந்தபின் காத்திருக்க வேண்டிய நேரம் போன்றவை. இவை டிரைவருக்குள், கம்பாட்டிபிள் பெயரோடு (டிவைஸ் ட்ரீயில் உள்ள சிப்பை டிரைவரோடு பொருத்தும் பெயர்) சேர்ந்த டேபிளில் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: போர்டுக்கு போர்டு மாறுவது. சென்சாரின் எஸ்டிஓ பின்னை கிரவுண்டில் சேர்த்தால் முகவரி ஹெக்ஸில் 76, சப்ளையில் சேர்த்தால் 77. இதை முடிவு செய்வது சால்டர் செய்தவர், டிரைவர் எழுதியவர் இல்லை, அதனால் இடம் டிவைஸ் ட்ரீ. முன்பு ஏஆர்எம் வகை ப்ராசஸர் உள்ள போர்டு ஒவ்வொன்றுக்கும் கர்னலுக்குள் தனி சி ஃபைல் இருந்தது, ஒரு பின் மாறினாலும் கர்னலையே கம்பைல் செய்ய வேண்டும். 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குவியலைப் பார்த்துக் கடுமையாகக் கோபப்பட்டார், அதற்கப்புறம்தான் ஏஆர்எம் பக்கம் டிவைஸ் ட்ரீக்கு வேகமாக மாறியது.

ரீசெட் பின்னில் நான் பட்டது இது. ஒரு டச் கன்ட்ரோலர் டிரைவரில் '0 கொடுத்தால் ரீசெட், 1 கொடுத்தால் விடு' என்று நேராக எழுதியிருந்தேன். போர்டின் அடுத்த பதிப்பில் அந்த லைனுக்கு நடுவே ஒரு டிரான்சிஸ்டர் வந்து சிக்னல் தலைகீழானது, நான் 1 கொடுக்கக் கொடுக்க சிப் ரீசெட்டிலேயே கிடந்தது, ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்ப்பதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. சரியான வழி: டிரைவரில் 1 என்றால் 'ரீசெட் செய்' என்ற பொருள் மட்டும். அந்த 1 கம்பியில் ஹையா லோவா என்பதை டிவைஸ் ட்ரீயில் ஆக்டிவ் லோ, ஆக்டிவ் ஹை என்று எழுதுங்கள். பின்களைக் கையாளும் கர்னலின் ஜிபிஐஓ லைப்ரரி தானே திருப்பிக்கொள்ளும்.

ஐ2சி பஸ்ஸின் வேகம், 100 கிலோஹெர்ட்ஸா 400ஆ, பார்ப்பதற்கு நம் விருப்பம் போலத் தெரியும். ஆனால் லைனை ஹையில் இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டரும் கம்பி நீளமும்தான் எது தாங்கும் என்று தீர்மானிக்கின்றன, ஆகவே அதுவும் டிவைஸ் ட்ரீதான்.

நான்காவது, உண்மையான விருப்பங்கள். ஒரு அளவுக்கு 1 முறை சாம்பிள் எடுப்பதா 16 முறையா என்பதை வானிலை நிலையம் வைப்பவர் ஒரு மாதிரி முடிவு செய்வார், ட்ரோன் செய்பவர் வேறு மாதிரி. இதை சிஸ்எஃப்எஸ் (கர்னல் அமைப்புகளை ஃபைல்களாகக் காட்டும் இடம்) வழியாக ஓடும்போதே மாற்ற விடுங்கள். டிவைஸ் ட்ரீயில் போட்டு அனுப்பினால் கர்னல் பராமரிப்பாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது சரியும்கூட. மாட்யூல் பாராமீட்டரும் (டிரைவரை ஏற்றும்போது கொடுக்கும் மதிப்பு) ஆகாது, ஒரே போர்டில் இரண்டு சென்சார் இருந்தால் இரண்டுக்கும் ஒரே மதிப்பு போய்விடும். கர்னலைக் கம்பைல் செய்யும் முன் அமைக்கும் கேகான்ஃபிக், டிரைவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதற்கு மட்டும்.

எல்லாம் எழுதி ரீபூட் செய்தபின் பஸ்ஸில் உள்ள முகவரிகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஐ2சிடிடெக்ட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 76 இருக்க வேண்டிய கட்டத்தில் 'யூயூ' என்று வந்தால் டிரைவர் சிப்பைப் பிடித்துவிட்டது. வெறும் 76 என்றே நின்றால் சிப் பதில் சொல்கிறது, டிரைவர்தான் சேரவில்லை. கம்பாட்டிபிள் வரியில் பாஷுக்கும் பிஎம்பி280க்கும் நடுவே உள்ள கமாவை முதலில் பாருங்கள்.