டிரேடிங் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பங்குச் சந்தை காலை 9.15க்குத் திறக்கிறது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்டை நிறுத்துவது பெரும்பாலும் காலை 9 மணிக்கு. வீட்டில் உட்கார்ந்து இன்ட்ராடே (வாங்கியதை அன்றே விற்கும் டிரேடிங்) செய்பவர்களுக்கென்றே போட்ட அட்டவணை மாதிரி இருக்கும். ஆனால் அறிவித்துவிட்டு நிறுத்தும் கரண்டால் பெரிய ஆபத்து இல்லை, அன்றைக்கு ஒதுங்கிக்கொள்ளலாம். பொசிஷன் எடுத்து, அதாவது டிரேடை இன்னும் முடிக்காமல், வைத்திருக்கும்போது ஒரே ஒரு விநாடி கரண்ட் போய் வருகிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும், ஏனென்றால் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து, டெர்மினல் (ஆர்டர் போடும் மென்பொருள்) திறந்து, ஓடிபி போட்டு உள்ளே போவதற்குள் விலை எங்கோ போயிருக்கும்.

அந்த ஒரு விநாடிக்கு, கரண்ட் போன கணமே பேட்டரிக்கு மாறும் யூபிஎஸ் வேண்டும். மணிக்கணக்கில் போனால் இன்வெர்ட்டர் வேண்டும். கடையில் இரண்டையும் ஒன்றாகப் பேசுவார்கள், நீங்கள் பிரித்துப் பாருங்கள்.

முதலில் உங்கள் லோடு, அதாவது எல்லாம் சேர்ந்து இழுக்கும் கரண்ட், எவ்வளவு என்று தெரிய வேண்டும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண டெஸ்க்டாப் சார்ட் ஓடும்போது 100 வாட் பக்கம் இழுக்கும், 24 இன்ச் மானிட்டர் ஒன்றுக்கு 25 வாட், ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து 20. இரண்டு மானிட்டர் என்றால் மொத்தம் 170 வாட். யூபிஎஸ் பெட்டியில் பெரிதாக 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று போட்டிருக்கும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்; அதே பெட்டியில் சின்ன எழுத்தில் 360 வாட் என்று இருக்கும், அதுதான் உங்களுக்கான எண். 170க்கு 360 தாராளம், தாங்கும். எவ்வளவு நேரம் என்பது வேறு கதை. உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றுதான். பெருக்கினால் 84 வாட்-ஹவர், அரைமணி நேரம் வருமே என்று தோன்றும். வராது. வேகமாக உறிஞ்சும்போது இந்த வகை பேட்டரி பாதியைத்தான் கொடுக்கும், 10 நிமிடம் கிடைத்தால் நல்லது. பொசிஷனை மூட அது போதும். கூடுதலாக வேண்டுமென்றால் 1000, 1100 விஏ வகையில் பெரும்பாலும் இரண்டு பேட்டரி இருக்கும், அதற்குப் போகலாம்.

இன்னொன்று, நல்ல எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) போட்ட கம்ப்யூட்டர் என்றால் மலிவான யூபிஎஸ் கொடுக்கும், படிப்படியாக ஏறி இறங்கும் படிக்கட்டு அலை கரண்ட் சில சமயம் ஒத்துவராது, பேட்டரிக்கு மாறும் நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். வாரியக் கரண்ட் போலவே சீரான அலை கொடுக்கும் ப்யூர் சைன் வேவ் யூபிஎஸ் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை, விலைதான் கூட.

வீட்டில் ஏற்கனவே இன்வெர்ட்டர் இருக்கிறதே, யூபிஎஸ் எதற்கு? நியாயமான கேள்விதான். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடு, ஈகோ மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யூபிஎஸ் மோடில் வைத்தால் பேட்டரிக்கு மாறும் நேரம் குறையும். பல கம்ப்யூட்டர்கள் அதிலேயே தாக்குப்பிடிக்கும். முதலில் அதைச் செய்து பாருங்கள், காசு மிச்சமாகலாம். அப்போதும் ரீஸ்டார்ட் ஆனால் இன்வெர்ட்டர் லைனில் சின்ன யூபிஎஸ் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த கரண்டையே யூபிஎஸ் ஏற்காமல் டிக் டிக்கென்று பேட்டரிக்கே ஓடும். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி புதிதாக இருந்தால் இந்த லோடோடு ஒரு ஃபேன், ஒரு லைட்டுக்கும் நாலு மணி நேரம் வரும்.

எல்லாம் சரி, இன்டர்நெட்? கம்ப்யூட்டர் உயிரோடு இருந்து ரௌட்டர் செத்துவிட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ரௌட்டர் 12 வோல்ட் டிசியில் ஓடுவதுதான் என்றால் அதற்கென்றே கையடக்க மினி யூபிஎஸ் கிடைக்கிறது, அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் வேண்டும். ஆனால் தெருமுனையில் கேபிள்காரர் வைத்திருக்கும் கருவிக்கு பேக்கப் இல்லையென்றால் உங்கள் ஏற்பாடெல்லாம் வீண், அவரிடமே கேட்டுவிடுங்கள். அதனால்தான் போனில் வேறு கம்பெனி சிம், புரோக்கர் ஆப் லாகின் செய்த நிலையில், எப்போதும் இருக்கட்டும்.

எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்த ஸ்டாப்லாஸ் ஆர்டர் (விலை நீங்கள் சொன்ன அளவுக்கு எதிராகப் போனால் நஷ்டத்தை நிறுத்தத் தானாக வெளியேறுவது) உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேயே நிற்கும். உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும், தானாக ஆர்டர் போடும் அல்கோவோ, விலையைப் பின்தொடர்ந்து உங்கள் மென்பொருள் நகர்த்தும் டிரெயிலிங் ஸ்டாப்லாஸோ அப்படி இல்லை, கம்ப்யூட்டர் அணைந்தால் அவையும் வேலை செய்யாது. 20,000 ரூபாய் யூபிஎஸ் வாங்கிவிட்டு ஸ்டாப்லாஸ் போடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த யூபிஎஸ்ஸால் பெரிய உதவி கிடையாது. லேப்டாப்பில் டிரேட் செய்பவர் என்றால் மினி யூபிஎஸ் மட்டும் வாங்குங்கள், மீதிப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் ஒரு சனிக்கிழமை டெர்மினல், சார்ட் எல்லாம் திறந்துவைத்துச் சுவரில் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சில மாதத்துக்கு ஒருமுறை இதையே செய்யுங்கள், நேரம் பாதியாகக் குறைந்தால் பேட்டரி மாற்ற வேண்டியதுதான். நம் ஊர் வெயிலில் இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போட வேண்டாம், ஈயம் இருப்பதால் பேட்டரிக் கடைக்காரரே ஏதோ ஒரு விலை கொடுத்து எடுத்துக்கொள்வார்.