அப்லோட் பட்டன் வைத்தால் போதுமா? சொந்த மென்பொருளில் கிளவுட் ஆவணங்களை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆர்டர் கையில் கிடைத்து, கன்டெய்னர் தூத்துக்குடி துறைமுகம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை காகிதங்கள்! கொள்முதல் ஆணை, சாயப்பட்டறை சலான், லேப் ரிப்போர்ட், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், கடைசியில் கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பி.எல். பாதி மெயிலில் இருக்கும், பாதி வாட்ஸ்அப்பில். ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "நம்ம சாஃப்ட்வேர்லயே ஒரு அப்லோட் பட்டன் வெச்சுக் குடுத்துடுங்க தம்பி" என்பார்.

பட்டன் வைப்பது உண்மையிலேயே அரை நாள் வேலைதான். பிரச்சினை அதற்குப் பிறகு தொடங்குகிறது. கோப்பு அமேசானின் எஸ்3, மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட், கூகுள் டிரைவ் போன்ற கிளவுட் சேமிப்பிடம் ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது எந்த ஆர்டருடையது, யார் பார்க்கலாம், எத்தனை வருடம் இருக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் உங்கள் டேட்டாபேஸில் இருக்கும். ஒரு பக்கம் நடப்பது மறுபக்கத்துக்குத் தெரியாமல் போவதுதான் இந்த வேலையில் நான் பார்த்த பெரும்பாலான கோளாறுகளின் வேர்.

கோப்பின் பெயரை நம்புவது

பலரும் முதலில் செய்வது, ஃபோல்டர் பாதையை அப்படியே டேட்டாபேஸில் எழுதி வைப்பது. 'ஆர்டர்கள், 4471, கொள்முதல் ஆணை' என்று. ஷேர்பாயிண்டுக்குள் நேரடியாகப் போகும் ஒருவர் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டால் போதும், உங்கள் திரையில் அத்தனை லிங்க்கும் செத்துவிடும். கூகுள் டிரைவில் கதை வேறு. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் பல கோப்புகளை அது அனுமதிக்கும். 'இன்வாய்ஸ்' என்று தேடி முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும் புரோகிராம், என்றாவது ஒருநாள் தப்பான இன்வாய்ஸை வாடிக்கையாளருக்கு அனுப்பும்.

தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு கண்ணியும் உண்டு. 'கொள்முதல்' என்ற சொல்லையே பாருங்கள். கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறியீடு ஒரு விதம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடுகள் இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் விதத்தில் 9 குறியீடுகள், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையின் கணக்கில் 27 பைட். இரண்டாவதில் 10 குறியீடுகள், 30 பைட். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களை இரண்டாவது விதமாகப் பிரித்துத்தான் சேமித்தது. எஸ்3-க்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. அதன் பார்வையில் இவை இரண்டு வெவ்வேறு கோப்புகள்.

ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில், "ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, சாஃப்ட்வேர் இல்லைங்குது" என்ற புகாரை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் இரண்டு பெயர்களையும் பைட்டாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் அந்த 3 பைட் வித்தியாசம் தெரிந்தது.

நீளத்தையும் மறக்காதீர்கள். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு வரம்பு 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் தின்னும், ஆக 85 குறியீடுகள்தான். மெய்யெழுத்தின் புள்ளியே தனிக் குறியீடு என்பதால் எழுத்துக் கணக்கில் இன்னும் குறையும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்த மென்பொருள் இங்கேதான் முதலில் சறுக்கும்.

தீர்வு எளிது. கிளவுடில் கோப்பைச் சேமிக்கும்போது நீங்களே உருவாக்கிய அர்த்தமில்லாத ஓர் எண்ணைப் பெயராக வையுங்கள். ஷேர்பாயிண்ட், டிரைவ் என்றால் அவை தரும் ஐடியைச் சேமியுங்கள். ஆட்கள் வைத்த பெயரை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது மேலே சொன்ன முதல் விதத்துக்கு, மாற்றி, திரையில் காட்டுவதற்கு மட்டும் டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. மென்பொருள் கிளவுடோடு பேச ஒரு சர்வீஸ் அக்கவுண்ட், அதாவது மென்பொருளுக்கென்றே ஒரு லாகின், வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதற்கு எல்லா ஃபோல்டரையும் பார்க்கும் உரிமையைக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் யார் லாகின் செய்தாலும் கோப்பைக் கொண்டுவருவது அந்த அக்கவுண்ட்தான். கிளவுடின் கண்ணுக்கு மெர்ச்சண்டைசரும் கணக்காளரும் முதலாளியும் ஒரே ஆள். யாருக்கு எதைக் காட்டலாம் என்ற சோதனை முழுக்க உங்கள் புரோகிராமின் தலையில் விழுகிறது.

அந்தச் சோதனையைக் கோப்பைத் திறக்கும் திரையில் எல்லோரும் எழுதிவிடுவார்கள். தேடல் பெட்டியில் எழுத மறந்துவிடுவார்கள். ஓரிடத்தில் பேக்கிங் பிரிவுப் பையன் ஒருவன் 'மார்ச்' என்று தேடினான். 'மார்ச் சம்பளப் பட்டியல்' என்ற பெயர் முடிவுகளில் வந்தது, கூடவே உள்ளே இருந்த இரண்டு வரியும். க்ளிக் செய்தால் 'அனுமதி இல்லை' என்றுதான் வந்தது. ஆனால் அந்த இரண்டு வரியில் மேனேஜரின் சம்பளம் இருந்தது.

எனவே அனுமதிச் சோதனை ஒரே இடத்தில் இருக்கட்டும். தேடல், முன்னோட்டம், ஜிப் டவுன்லோட், மெயிலில் போகும் அறிவிப்பு என எல்லா வழியும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். சர்வீஸ் அக்கவுண்டின் கையையும் கட்டுங்கள். புரோகிராம்கள் ஷேர்பாயிண்டோடு பேசும் வழியான மைக்ரோசாஃப்ட் கிராஃபில், எல்லா ஷேர்பாயிண்ட் தளங்களுக்கும் உரிமை தராமல், தேர்ந்தெடுத்த தளங்களுக்கு மட்டும் தரும் வசதி இருக்கிறது. அதற்காக ஒவ்வொரு கோப்புக்கும் ஷேர்பாயிண்டிலேயே தனி அனுமதி போடக் கிளம்பிவிடாதீர்கள். ஷேர்பாயிண்டின் ஒரு லைப்ரரியில் (ஆவணத் தொகுப்பில்) தனி அனுமதிகளுக்கு 50,000 என்று உச்சவரம்பு உண்டு. மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பது 5,000-க்குள். சுறுசுறுப்பான ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்கு அது ரொம்ப நாள் தாங்காது.

லிங்க் விஷயத்திலும் இதே அசட்டை. எஸ்3 தரும் கையெழுத்திட்ட லிங்க் யார் கையில் இருக்கிறதோ அவரால் திறக்க முடியும். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆனாலும் திறக்கும். அதிகபட்சம் 7 நாள் உயிர். அந்த லிங்க்கை டேட்டாபேஸில் சேமித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எட்டாம் நாள் போன் வரும். தற்காலிகச் சாவியால் கையெழுத்திட்டிருந்தால், சாவி காலாவதியாகும்போதே லிங்க்கும் போய்விடும், அதாவது அடுத்த நாளேகூட. கோப்பைக் கேட்கும் நேரத்தில், அனுமதியைச் சோதித்த பின், சில நிமிடம் உயிருள்ள லிங்க்கை உருவாக்கிக் கொடுங்கள்.

பாதியில் நின்ற அப்லோட்

கோப்பு கிளவுடுக்குப் போய்விட்டது, டேட்டாபேஸில் எழுதும் முன் நெட் போய்விட்டது. இப்போது யாருக்கும் சொந்தமில்லாத கோப்பு ஒன்று மாத வாடகையோடு அங்கே கிடக்கிறது. வரிசையைத் திருப்பினால் விவரம் இருக்கும், கோப்பு இருக்காது. இரண்டு இடத்திலும் ஒரே மூச்சில் எழுத வழியில்லை. அதனால் முதலில் டேட்டாபேஸில் 'நிலுவை' என்று ஒரு வரி போடுங்கள். கோப்பு போய்ச் சேர்ந்ததை அளவோடு சரிபார்த்த பிறகு 'தயார்' என்று மாற்றுங்கள். இரவில் ஒருமுறை இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைப் பட்டியலிடும் சின்ன புரோகிராம் ஓடட்டும். கடைக்காரர் ராத்திரி கல்லாவை எண்ணுகிற மாதிரிதான்.

பெரிய கோப்புகளை எஸ்3-க்குத் துண்டு துண்டாக அனுப்பும்போது அப்லோட் பாதியில் நின்றால், வந்து சேர்ந்த துண்டுகள் வழக்கமான கோப்புப் பட்டியலில் தெரியாது, பில்லில் மட்டும் தெரியும். சில நாளுக்கு மேல் முடியாத அப்லோடுகளைத் தானாக அழிக்கும் விதி ஒன்றை முதல் நாளே போட்டுவிடுங்கள். கிராஃபில் துண்டின் அளவு 320 கிபிபைட்டால் (ஒரு கிபிபைட் என்பது 1,024 பைட்) மீதியின்றி வகுபட வேண்டும். இல்லாவிட்டால் சில கோப்புகள் கடைசித் துண்டு வரை போய் முடியும் நேரத்தில் தோற்கும். 'சில' என்பதுதான் கொடுமை, சோதிக்கும்போது மாட்டவே மாட்டாது.

மாதக் கடைசியில் எல்லோரும் ஒன்றாக அப்லோட் செய்தால் கிளவுட் 429 என்று பதில் சொல்லும், 'கொஞ்சம் பொறு' என்று அர்த்தம். எத்தனை நொடி என்பதையும் அந்தப் பதிலிலேயே சொல்லிவிடும். அதைப் படிக்காமல் உடனே மறுபடி தட்டினால் அந்த முயற்சியும் கணக்கில் சேர்ந்து காத்திருப்பு நீளும்.

இன்னொன்று, சந்தா. ஷேர்பாயிண்டில் கோப்பு மாறினால் தகவல் சொல்லும்படி கிராஃபிடம் பதிவு செய்யலாம். ஆனால் அந்தப் பதிவுக்கு ஆயுள் 30 நாளுக்கும் குறைவு. புதுப்பிக்க மறந்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. தகவல் வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். புதுப்பிப்பதோடு, கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து என்னென்ன மாறியது என்று நாமே போய்க் கேட்கும் ஏற்பாடும் வேண்டும்.

எப்போது அழிப்பது, எப்போது அழிக்கக் கூடாது

இதை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று தள்ளிவிடுவார்கள். கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆவது பிரிவு. ஜிஎஸ்டி கணக்குகளுக்கு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம். மறுபக்கம், 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்த தனிப்பட்ட தரவை, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாவிட்டால், அழிக்கச் சொல்கிறது. வேலைக்கு விண்ணப்பித்தவரின் ஆதார் நகலும் இன்வாய்ஸும் ஒரே ஃபோல்டரில் ஒரே விதியோடு கிடந்தால் இரண்டில் ஒன்றை நிச்சயம் மீறுவீர்கள். இது என்ன வகை ஆவணம் என்பதை அப்லோட் செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். மூன்று வருடம் கழித்து 2 லட்சம் பிடிஎஃப்பைத் திறந்து பார்த்து யாரும் வகை பிரிக்கப் போவதில்லை.

எஸ்3-இல் பழைய பிரதிகளைக் காக்கும் வெர்ஷனிங் போட்டிருந்தால் 'டெலீட்' என்பது மேலே ஒட்டும் சீட்டு மட்டுமே. கீழே பழைய பிரதி அப்படியே இருக்கும், வாடகையும் ஓடும். கோப்பைக் குறித்த காலத்துக்குப் பூட்டிவைக்கும் ஆப்ஜெக்ட் லாக்கின் கம்ப்ளையன்ஸ் முறை அதற்கு நேர் எதிர்: காலம் முடியும்வரை, முழு உரிமையுள்ள ரூட் பயனரால்கூட அழிக்க முடியாது. சோதனைக்காக 8 வருடம் என்று போட்டு 50 ஜிபி ஏற்றிவிட்டால், அமேசான் அக்கவுண்டையே மூடினால்தான் விமோசனம். சோதனைக்கு ஒரு நாள் என்று போடுங்கள், அதுவும் தனி அக்கவுண்டில்.

கூகுள் டிரைவ் பயன்படுத்தினால் கோப்புகள் ஊழியரின் 'மை டிரைவ்'வில் இல்லாமல் நிறுவனத்துக்குச் சொந்தமான ஷேர்டு டிரைவில் இருக்கட்டும். ஆள் வேலையை விட்டுப் போன பின் அக்கவுண்டை நீக்கும்போது, உரிமையை மாற்றாவிட்டால் அவருடைய கோப்புகளும் போய்விடும். சர்வர் இருக்கும் ஊரையும் பாருங்கள்: மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் எடுக்கப்பட வேண்டும் என்று 2022-இல் விதி திருத்தப்பட்டது. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் மையங்கள் இருக்கின்றன; எஸ்3-இல் கோப்புகளை வைக்கும் பக்கெட்டை உருவாக்கும்போது பட்டியலில் முதலில் வருவதை அழுத்தாமல் இருந்தால் சரி.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், தேடினால் கிடைக்காது. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி வைக்கும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் முடித்துவிட்டோம் என்று தோன்றும் நாளில் ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். போன வருடத்து ஆர்டர் எண் ஒன்றைக் கணக்காளரிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் மென்பொருளைத் திறக்காமல், டேட்டாபேஸ் பேக்கப்பையும் கிளவுடையும் மட்டும் வைத்து, அந்த ஆர்டரின் அத்தனை காகிதங்களையும் ஒரு ஃபோல்டரில் சேர்க்க முயலுங்கள். நான் முதல்முறை செய்தபோது லேப் ரிப்போர்ட் கிடைக்கவில்லை. கிளவுடில்தான் இருந்தது, 'ஸ்கேன்0012' என்ற பெயரில், எந்த ஆர்டரோடும் சேராமல்.