பழைய மென்பொருளைப் புதிய கணினியில் இயக்குவது எப்படி?

புதிய கணினிக்கு மாறும்போது மற்ற வேலைகளெல்லாம் ஓரிரு நாளில் பழகிவிடும். ஆனால் இருபது ஆண்டுகளாகக் கணக்கெழுதி வந்த மென்பொருளோ, நல்ல நிலையில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடக் கருவியை இயக்கும் நிரலோ திறக்க மறுத்தால் வேலையே நின்றுவிடும். அந்தப் பதற்றத்தில் பலரும் கேள்விப்பட்ட தீர்வுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக முயன்று பார்க்கிறார்கள். கடைசியில் நிரல் ஓடினாலும் எந்த மாற்றத்தால் ஓடியது என்று தெரிவதில்லை, ஓடாவிட்டால் எதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றும் தெரிவதில்லை. நிரல் எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது என்பதை முதலில் கண்டறிந்துவிட்டால், முயல வேண்டிய தீர்வுகள் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். பெரும்பாலோர் இந்தச் சிக்கலைச் சந்திப்பது விண்டோஸில் என்பதால் இங்கே விளக்குவதும் பெரும்பாலும் அதைப் பற்றியே.

எதையும் தொடுவதற்கு முன், பழைய கணினியில் அந்த மென்பொருள் இருக்கும் கோப்புறை முழுவதையும் ஒரு வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகலைத் தனியே வைத்துவிடுங்கள். இனி செய்யும் சோதனைகள் அனைத்தும் இன்னொரு நகலின்மேல்தான் நடக்க வேண்டும். நிறுவல் குறுவட்டு, உரிம எண், அமைப்புகளைக் காட்டும் திரைகளின் படங்கள் ஆகியவற்றையும் பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே சேகரித்துக்கொள்வது நல்லது.

நிரல் எத்தனை பிட் என்று பார்த்தல்

முதல் கேள்வி, நிரல் 16 பிட் காலத்ததா, 32 பிட் காலத்ததா என்பதுதான். (செயலி, அதாவது ப்ராசஸர், ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவையே பிட் எண் குறிக்கிறது.) 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்கள் இயல்பாக இயங்கும். 16 பிட் நிரல்கள் எந்த அமைப்பை மாற்றினாலும் நேரடியாக இயங்கா. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் நிரல்களை இயக்குவதற்காகச் செயலிக்குள் இருந்த தனிப் பயன்முறை, செயலி 64 பிட் முறையில் இயங்கும்போது கிடைப்பதில்லை என்பது இதற்கு முக்கியமான காரணம். விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு ஒன்று இருந்ததால் சிலர் அதை வைத்துச் சமாளித்தார்கள். 2021இல் வந்த விண்டோஸ் 11 கணினிகளுக்கு 64 பிட்டில் மட்டுமே வெளியானதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி தேவையில்லை. நிரலின் எக்ஸி கோப்பின், அதாவது நிரலைத் திறக்கும் முதன்மைக் கோப்பின், நகல் ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். எதையும் சேமிக்காமல் மூட வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். புரியாத குறிகளுக்கு நடுவே, கோப்பின் தொடக்கத்திலேயே ‘எம்’, ‘இசட்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரியும். டாஸின் தொடக்கக் காலத்தில் மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. இன்றைய விண்டோஸ் நிரல்களும் அவற்றைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன. அங்கிருந்து சற்றுத் தள்ளி, இந்த நிரல் டாஸில் இயங்காது என்னும் ஆங்கில வரி ஒன்றுக்குப் பின்னால், ‘பி’, ‘ஈ’ என்ற எழுத்துகளும் சிறிய இடைவெளி விட்டு ‘எல்’ என்ற எழுத்தும் இருந்தால் அது 32 பிட் நிரல். ‘எல்’லுக்குப் பதிலாகச் சிறிய ‘டி’ இருந்தால் 64 பிட். ‘பி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘என்’ இருந்து ‘என்’, ‘ஈ’ என்று தெரிந்தால் அது விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல். இந்த இரண்டில் எதுவுமே இல்லாவிட்டால் பெரும்பாலும் அது டாஸ் நிரல்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 1990களின் பிற்பகுதியில் வந்த பல மென்பொருள்களில் நிரல் 32 பிட்டாக இருக்கும், அதை நிறுவும் செட்டப் கோப்பு மட்டும் 16 பிட்டாக இருக்கும். நிறுவி ஓடவில்லை என்பதைப் பார்த்துவிட்டு மென்பொருளே பயனற்றுப் போனது என்று முடிவு கட்டிவிடுகிறோம். செட்டப் கோப்பை மட்டுமன்றி, பழைய கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் முதன்மை நிரலையும் இப்படித் திறந்து பார்ப்பது அவசியம்.

டாஸ் நிரல்களும் 16 பிட் விண்டோஸ் நிரல்களும்

டாஸ் நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. அது ஒரு பழைய கணினியையே மென்பொருளாக உருவாக்கிக் காட்டுவதால், உண்மைச் செயலி 64 பிட்டா என்பது நிரலுக்குத் தெரியவே தெரியாது. டாஸ்பாக்ஸைத் திறந்து, மவுன்ட் கட்டளையால் உங்கள் கோப்புறையைச் ‘சி’ வட்டாக இணைத்து, அதற்குள் சென்று நிரலின் பெயரைத் தட்டினால் போதும். ஆனால் மூல டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது; அச்சிடும் வசதி அதில் இல்லை. கணக்கு, பட்டியல், விலைச்சீட்டு போன்ற அலுவலக வேலைகளுக்கு, அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற பதிப்பைத்தான் பரிந்துரைப்பேன். அச்சிடுதல் உட்படப் பல வசதிகள் அதில் சேர்க்கப்பட்டுள்ளன.

டர்போ பாஸ்கல் என்னும் நிரலாக்கக் கருவியில் எழுதப்பட்ட பழைய நிரல்கள் திறந்த உடனேயே ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லி மூடிக்கொள்வதுண்டு. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். கோப்பில் பிழை எதுவும் இல்லை. அந்த நிரல் தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளப்பதற்காக ஒரு சிறு சுழற்சியை ஓட்டி, கிடைத்த எண்ணிக்கையை ஒரு சிறிய எண்ணால் வகுக்கிறது. செயலி மிக வேகமாக இருந்தால் விடை அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் நிரல் நின்றுவிடுகிறது. டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல் விசையோடு எஃப்11 விசையைச் சேர்த்து அழுத்தி அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு நிரலைத் திறந்தால் அது அமைதியாகத் திறக்கும். திறந்த பின் கன்ட்ரோலோடு எஃப்12 விசையை அழுத்தி வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

விண்டோஸ் 3.1 காலத்து நிரல்களுக்கு வைன்விடிஎம் என்னும் திறந்தமூலக் கருவி 64 பிட் விண்டோஸிலேயே பல நேரங்களில் கைகொடுக்கிறது. அது போதாதபோது, டாஸ்பாக்ஸுக்குள் விண்டோஸ் 3.1ஐயே நிறுவிக்கொள்ளலாம். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும், 1993இல் தொடங்கி இன்றும் வளர்ந்து வரும் வைன் இருக்கிறது; 64 பிட் விண்டோஸ் ஏற்க மறுக்கும் 16 பிட் விண்டோஸ் நிரல்கள் பல அதில் இயங்குகின்றன.

32 பிட் நிரல் ஓடாதபோது

இங்கே பெரும்பாலோர் முதலில் போகும் இடம் இணக்கப் பயன்முறை. எக்ஸி கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்டீஸ் திறந்து, கம்பாட்டிபிலிட்டி என்ற தாளில் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 95 என்று தேர்ந்தெடுக்கலாம். நிரல் இயங்குதளத்தின் பதிப்பு எண்ணைக் கேட்டு, எதிர்பாராத விடை வந்ததால் மறுக்கும் இடங்களில் இது உடனே பயன் தரும். எழுத்துகள் மிகச் சிறியதாகத் தெரிந்தால், அதே தாளில் உயர் டிபிஐ அமைப்புகளுக்குள் சென்று அளவு மாற்றத்தை இயங்குதளமே செய்யும்படி விடலாம். பழைய விளையாட்டுகளில் திரை கறுத்துப்போனால் டிஜிவூடூ 2 என்னும் இடைநிலைக் கருவியை முயலுங்கள்.

ஆனால் என் அனுபவத்தில் அதிகம் குழப்புவது பதிப்பு எண் இல்லை, எழுதும் உரிமை. விண்டோஸ் எக்ஸ்பி வரை பெரும்பாலோர் நிர்வாகி கணக்கிலேயே வேலை செய்ததால், பழைய மென்பொருள்கள் தங்கள் தரவுகளைப் ப்ரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள்ளேயே எழுதிக்கொண்டன. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து அந்தக் கோப்புறைக்குக் காவல் போடப்பட்டது. பழைய நிரல்கள் உடைந்துபோகக் கூடாது என்பதற்காக, அவை அங்கே எழுத முயல்வதை இயங்குதளம் சத்தமில்லாமல் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற வேறொரு கோப்புறைக்குத் திருப்பிவிடுகிறது. அது ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக, அவரவர் லோக்கல் ஆப்டேட்டா கோப்புறைக்குள் இருக்கும்.

இதன் விளைவை ஒருமுறை நேரில் பார்த்தேன். ஒரே கணினியில் இருவர் தத்தம் கணக்கில் நுழைந்து ஒரே கணக்கு மென்பொருளில் பதிவு செய்து வந்தார்கள். ஒருவர் காலையில் எழுதியது மாலையில் மற்றவருக்குத் தெரியவில்லை. ஒருவரையொருவர் சந்தேகிக்கும் நிலை வந்துவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று நிரலை நிர்வாகியாக இயக்கிப் பார்த்தபோது, இருவர் எழுதியதுமே காணாமல் போய், நிறுவிய நாளின் பழைய பதிவுகள் மட்டும் நின்றன. எதுவும் அழியவில்லை, நிர்வாகியாக இயக்கும்போது அந்தத் திருப்பிவிடுதல் நடப்பதில்லை என்பதால் நிரல் உண்மையான கோப்புறையைப் பார்த்தது, அவ்வளவுதான். இருவரின் விர்ச்சுவல் ஸ்டோரிலும் கோப்புகள் பத்திரமாக இருந்தன. இவற்றை ஒன்றுசேர்ப்பதற்கு இரண்டு நாள் பிடித்தது. ஆகவே பழைய மென்பொருளைப் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவவே வேண்டாம். ‘சி’ வட்டில் நேரடியாக ஒரு கோப்புறை உருவாக்கி, பயனர்களுக்கு அதில் எழுதும் உரிமை கொடுத்து, அங்கே நிறுவுங்கள். எப்போதும் நிர்வாகியாக இயக்கு என்ற குறியைப் போட்டுவிட்டு மறந்துவிடுவதைவிட இது பாதுகாப்பானதும்கூட.

நிரல்களுக்குத் துணையாக இருக்கும் டிஎல்எல் கோப்பு ஒன்று இல்லை என்று செய்தி வந்தால், அந்தப் பெயரைத் தேடி, கண்ட தளத்திலிருந்து அந்த ஒற்றைக் கோப்பைப் பதிவிறக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நச்சுநிரல் உள்ளே வருவதற்கு அதைவிட எளிய வழி இல்லை. பெரும்பாலும் தேவைப்படுவது விஷுவல் சி++ துணைத்தொகுப்பின் பழைய பதிப்பு ஒன்று, அல்லது டாட்நெட் 3.5; பின்னதை விண்டோஸின் கூடுதல் வசதிகள் பட்டியலிலேயே இயக்கிக்கொள்ளலாம். மென்பொருளோடு வந்த டிஎல்எல் கோப்பு என்றால் பழைய கணினியிலிருந்து எடுத்து, கணினியின் பொதுக் கோப்புறையில் போடாமல், நிரல் இருக்கும் கோப்புறையிலேயே வையுங்கள்.

கருவிகளை இயக்கும் ட்ரைவர்கள் வேறு வகை. 32 பிட் ட்ரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. எந்த இணக்கப் பயன்முறையும் இதை மாற்றாது.

மெய்நிகர் கணினி

மேற்சொன்னவை பலிக்காதபோது, பழைய இயங்குதளத்தையே ஒரு மெய்நிகர் கணினிக்குள், அதாவது உங்கள் கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினிக்குள், வைத்து இயக்குவதுதான் உறுதியான வழி. விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருள் இதற்குப் போதும். முதலில் கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஒரு ஜிபி நினைவகமும் 10 ஜிபி வட்டும் தாராளம். வட்டை இணைக்கும் வட்டுக் கட்டுப்பாட்டகத்தை ஐடிஈ என்ற பழைய வகையாகத் தேர்வு செய்யுங்கள். சாட்டா என்று விட்டால், அதற்கான ட்ரைவர் எக்ஸ்பியில் இல்லாததால் நிறுவல் வட்டையே காணாமல் நின்றுவிடும். உங்களிடம் முறையான உரிமமுள்ள எக்ஸ்பி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. யூஎஸ்பி வழியே இணையும் கருவிகளையும், செருகினால்தான் மென்பொருள் திறக்கும் உரிமப் பூட்டுகளையும் மெய்நிகர் கணினிக்குள் கடத்திவிடலாம். பழைய அச்சுப்பொறி இணைப்புத் துளையில் (பாரலல் போர்ட்) செருகும் பூட்டுகளுக்கு இது பொதுவாகப் பலிப்பதில்லை. சந்தையில் கிடைக்கும் மாற்றிகள் பெரும்பாலும் அச்சுப்பொறிக்கு மட்டுமே ஆனவை. விண்டோஸ் 98 தேவையென்றால் விர்ச்சுவல்பாக்ஸைவிட, பழைய வன்பொருளையே அச்சாகப் போலச் செய்யும் 86பாக்ஸ் பொருத்தமானது.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதி முடிந்துவிட்டதால், மெய்நிகர் கணினியின் வலைப்பின்னல் இணைப்பைத் துண்டித்தே வையுங்கள். கோப்புப் பரிமாற்றத்துக்குப் பகிர்வுக் கோப்புறை ஒன்று போதும்.

மேக் பயன்படுத்துவோருக்கும் மெய்நிகர் கணினியே பெரும்பாலும் விடை. 2019இல் வந்த கேட்டலினா என்னும் மேக் இயங்குதளப் பதிப்பு 32 பிட் நிரல்களை முற்றிலும் கைவிட்டது. ஆகவே இன்டெல் செயலியுள்ள மேக்கில், அதற்கு முந்தைய மொஹாவி பதிப்பை ஒரு மெய்நிகர் கணினிக்குள் நிறுவி அவற்றை இயக்குகிறார்கள்.

நிரல் ஓடத் தொடங்கிய அன்றே, தரவுகளை இன்று படிக்கக்கூடிய வடிவத்தில் ஏற்றுமதி செய்துவிடுங்கள். டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர் ஆகிய பழைய தரவுத்தள மென்பொருள்களின் காலத்து டிபிஎஃப் கோப்புகளை லிப்ரே ஆபிஸின் கால்க் நேரடியாகவே திறக்கும். பல நேரங்களில் பழைய நிரலே தேவையில்லை என்பது இங்கேதான் தெரியவரும். மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸ் 97இன் கோப்புகளை அக்சஸ் 2013 முதல் உள்ள பதிப்புகள் திறப்பதில்லை என்பதால், அவை இருந்தால் இடைப்பட்ட ஒரு பதிப்பில் திறந்து மாற்றிவிடுவது அவசரம். பிறகு மெய்நிகர் கணினியை முறைப்படி அணைத்து, அதன் கோப்புறை முழுவதையும் வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து, கடைசியாகப் பதிந்த ஒரு கணக்கு சரியாக வருகிறதா என்று பாருங்கள்.