எந்தப் பாத்திரத்துக்கு எந்தப் பொடி

எங்கள் வீட்டில் காலைக் காபி போடுவது என் வேலை. கல்யாணமான முதல் வாரத்தில் கையில் வந்தது, 26 வருஷமாக இறங்கவில்லை. மனைவி வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டாள். டம்ளரை டபராவில் வைக்கும் சத்தத்தை வைத்தே இன்றைக்குத் தேறினேனா இல்லையா என்று தெரிந்துகொள்வேன்.

இந்த 26 வருஷத்தில் எவர்சில்வர் பில்டர் மூன்று, கரண்ட் மெஷின் இரண்டு, மகன் கோவையிலிருந்து வாங்கி வந்த மோகா பாட் என்ற இத்தாலியக் காபிப் பாத்திரம் ஒன்று, அத்தை சீராகக் கொடுத்த பித்தளை பில்டர் ஒன்று என்று சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் நல்ல காபி போட்டிருக்கிறேன், எல்லாவற்றிலும் கெடுத்தும் இருக்கிறேன். கெட்ட நாட்களை யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒரு பாத்திரத்துக்கு அரைத்த பொடியை இன்னொன்றில் போட்டது.

முதல் கரண்ட் மெஷின் வந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. மேலே தாள் வைத்த கூடை, கீழே கண்ணாடிக் குடுவை, பின்னால் தண்ணீர்த் தொட்டி. அப்போது வழக்கமாக பில்டருக்குப் போடும் 70:30 பொடியையே (காபி 70, சிக்கரி 30) குவித்து நான்கு கரண்டி போட்டு பட்டனை அழுத்திவிட்டு பேப்பர் எடுக்க வாசலுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் கூடை நிரம்பி, மூடியைத் தூக்கிக்கொண்டு, மேடை முழுக்கப் பழுப்புச் சேறு. மிக்ஸி வரைக்கும் ஓடியிருந்தது. "ஏங்க, இது காபி போடுற மெஷினா, சேறு கலக்குற மெஷினா?" என்றாள் மனைவி. நானும் மெஷினைத்தான் திட்டினேன். பாவம், அதன் மேல் தப்பே இல்லை.

தப்பு சிக்கரியில். சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது, காபிக்கொட்டைக்கும் அதற்கும் உறவு கிடையாது. காஃபீனும் இல்லை. ஆனால் தண்ணீர் பட்டதும் ஊறிப் பொதபொதவென்று ஆகும். பில்டரில் இதுதான் நமக்குச் சாதகம்: தண்ணீர் மெதுவாக இறங்கும், டிகாக்ஷன் கெட்டியாக, நிறமாக வரும். தாள் வைத்த மெஷினில் இதுவே வினை. மேலிருந்து வெந்நீர் நிற்காமல் கொட்டிக்கொண்டிருக்கும், கீழே தாள் அடைத்துக்கொண்டிருக்கும். வழியாமல் என்ன செய்யும்?

ஆகவே பொடிக் கடையில் நின்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள். பில்டருக்கு என்றால் நைஸும் இல்லாமல் கொரகொரப்பும் இல்லாமல் நடுத்தரமாக, சிக்கரி 20 சதவீதம். காபிக்கொட்டை வகைகளில் நான் பீபெர்ரியும் பிளாண்டேஷன் ஏ-யும் பாதிப் பாதி சொல்வேன். மெஷினுக்கு சிக்கரியே வேண்டாம், ரவை பதத்தில் கொரகொரவென்று. மோகா பாட்டுக்கும் சிக்கரி வேண்டாம், பில்டர் பொடியை விட ஒரு சுற்று நைஸ். பாக்கெட் பொடி வாங்குபவர்கள் பின்பக்கத்தைப் படியுங்கள், சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம், அதனால் கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாக இருக்கும் பாக்கெட்டும் கடையில் உண்டு. 'மெஷின் சரியில்லை, காபி கசக்கிறது' என்று சொன்ன இரண்டு நண்பர்கள் வீட்டில் போய்ப் பார்த்தேன், இரண்டிலும் அந்த மாதிரி பாக்கெட்தான்.

இனி பில்டர். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிற விஷயத்தில்தான் அதிகம் சொதப்புகிறோம்.

முதலில் மேல் டப்பாவை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். துளைகள் எல்லாவற்றிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடைப்பு. துணி வைத்துத் தேய்த்தெல்லாம் அது போகாது. எவர்சில்வராக இருந்தால் இடுக்கியில் பிடித்து, அடிப்பக்கத்தை காஸ் தீயில் ஒரு நிமிஷம் காட்டுங்கள். அடைத்திருக்கும் பொடி கருகிவிடும். ஆறவிட்டு, தட்டி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் புதுசு மாதிரி ஆகிவிடும். மாதம் ஒரு முறை போதும். மற்ற நாளில் வெறும் வெந்நீரில் கழுவினால் போதும். எலுமிச்சை வாசனை சோப்பைப் போட்டுத் தேய்த்தால் மறுநாள் காபியில் அந்த வாசனையைக் குடிக்க வேண்டும்.

டப்பா நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் பொடி போட்டால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நடுவில் பள்ளமாகிவிடும், தண்ணீர் அந்த வழியாகவே சறுக்கி இறங்கிவிடும். எங்கள் மூன்று பேருக்கு 30 கிராம், அதாவது குவித்து நான்கு மேசைக்கரண்டி. டப்பாவை இரண்டு தட்டு தட்டிச் சமமாக்கி, குடையை (பில்டரோடு வரும் காம்பு வைத்த துளைத் தட்டு) வைத்து லேசாக அழுத்துங்கள். விரல் பலத்தைக் காட்டினால் அரை மணி நேரத்துக்கு ஒரு சொட்டுதான் விழும். அழுத்தாமலே விட்டால் கழுநீர். நடுவாந்திரம் எது என்பது கைக்குத்தான் தெரியும், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

தண்ணீர் 200 மில்லி. கொதித்ததும் அடுப்பை அணைத்து, கொப்பளம் அடங்கியதும் எடுங்கள். முதலில் கால் பங்கை மட்டும் சுற்றிவர ஊற்றி, அரை நிமிஷம் பொறுங்கள். பொடி ஊறட்டும். அப்புறம் மீதியை ஊற்றி மூடிவிடுங்கள். கீழே 140 மில்லிதான் இறங்கும். மீதி எங்கே என்று தேடாதீர்கள், பொடி தன் எடையைப் போல் இரண்டு பங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 15 முதல் 20 நிமிஷத்தில் கெட்டியாக, கள்ளிச்சொட்டாக இறங்கியிருக்கும்.

சில நாள் இறங்கவே இறங்காது. உடனே மூடியைத் திறந்து கரண்டியால் கிண்டத் தோன்றும், கிண்டினால் அன்றைய காபி போச்சு. முக்கால்வாசி நேரம் அது அடைப்பே இல்லை, காற்று. மேல் டப்பா கீழ் டப்பாவில் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் கீழே இருக்கும் காற்று வெளியே போக வழியில்லாமல் டிகாக்ஷனைத் தடுக்கும். துணியால் பிடித்து மேல் டப்பாவை ஒரு நூல் அளவு தூக்கி, லேசாகத் திருப்பி வையுங்கள். 'சொட் சொட்' என்று ஆரம்பித்துவிடும். இது தெரியாமல் நான் எத்தனை காலை ஆபீஸுக்குக் காபி குடிக்காமல் போயிருக்கிறேன்!

இரண்டு டப்பாவும் பிரியாமல் சிக்கிக்கொண்டால்? நான் ஒரு முறை அம்மிக் குழவியால் தட்டினேன். ஒடுக்கு விழுந்த அந்தக் கீழ் டப்பா இன்னும் இருக்கிறது, ஆடிக்கொண்டு. நீங்கள் மேல் டப்பாவில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, கீழ் டப்பாவை வெந்நீரில் இரண்டு நிமிஷம் நிறுத்துங்கள். உள்ளே இருப்பது சுருங்கும், வெளியே இருப்பது விரியும். திருப்பினால் வந்துவிடும்.

டிகாக்ஷனை அடுப்பில் வைத்துச் சுடவைக்காதீர்கள். ஆறியிருந்தால் கிண்ணத்தோடு வெந்நீரில் வையுங்கள். பால்தான் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும், அதுவும் அன்று முதல் முறை காய்ச்சிய பால். இரண்டாம் டிகாக்ஷன் பற்றி வீட்டுக்கு வீடு கொள்கை வேறு, நான் தலையிடவில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். அந்தத் தாள் வழியாக இறக்கும் முறை 1908-இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத் தலைவி கண்டுபிடித்தது. பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மகனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து மையொற்றும் தாளைக் கிழித்து வைத்து வடிகட்டினாராம். காபியில் மண்டி இருக்கக் கூடாது என்பதுதான் அவர் பிரச்சினை. பால் விடாமல் குடிக்கிறவர்களின் பிரச்சினை அது. அந்த ஊர் அளவு லிட்டருக்கு 60 கிராம் வரை. அதே அளவில் போட்டுப் பால் விட்டால் நம் நாக்குக்குப் பால் தெரியும், காபி தெரியாது. அதனால் நான் 300 மில்லி தண்ணீருக்கு 45 கிராம் கொரகொரப்புப் பொடி போடுகிறேன். கள்ளிச்சொட்டு வராது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஆனால் வீட்டில் எட்டுப் பேர் வந்து உட்கார்ந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை மெஷின் மாதிரி உதவி வேறில்லை. இறங்கியதும் பிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். கீழே இருக்கும் சூட்டுத் தட்டிலேயே விட்டால் அரை மணியில் கருகல் வாடை வந்துவிடும்.

முதல் மெஷின் எட்டு மாதத்தில் செத்துப்போனது. ஆறு நிமிஷத்தில் முடிக்கிற வேலைக்குக் கால் மணி நேரம் எடுத்தது, வயசானவர் படியேறுகிற மாதிரி முனகியது, ஒரு நாள் நின்றுவிட்டது. சர்வீஸுக்கு எடுத்துப் போனால், திறந்துகூடப் பார்க்காமல் "உப்புத் தண்ணி சார், வாரண்டியில வராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாங்கும்போது அதை ஒருத்தரும் சொல்லவில்லை. குரோம்பேட்டையில் எங்கள் தெரு போர் தண்ணீரை ஒரு மாதம் கெட்டிலில் கொதிக்க வைத்தால் அடியில் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். மெஷினுக்குள் இருக்கும் சின்னக் குழாயிலும் அதே சுண்ணாம்புதான் படிகிறது, நமக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது மெஷின் ஐந்தாவது வருஷம் ஓடுகிறது. காரணம் இரண்டு. கேன் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் ஒரு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பொடியும் தாளும் இல்லாமல் ஓடவிடுகிறேன். பாதி இறங்கியதும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா விட வேண்டும், சுண்ணாம்பு கரைவது அப்போதுதான். அப்புறம் மீதியை ஓட்டி, வெறும் தண்ணீரை இரண்டு முறை ஓட்டிக் கொட்டிவிடுங்கள். ஒரு முறை ஓட்டினால் போதாது. எனக்குத் தெரியும், புளித்த காபி குடித்திருக்கிறேன்.

மோகா பாட் மகன் பைத்தியம். 1933-இல் இத்தாலியில் பியாலெட்டி கொண்டுவந்த அலுமினியப் பாத்திரம். கீழே தண்ணீர், நடுவில் பொடி, ஆவியின் அழுத்தத்தில் தண்ணீர் பொடி வழியாக மேலே ஏறும். கீழ்ப் பாகத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும், அதற்குக் கீழேதான் தண்ணீர் நிற்க வேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம். முதல் நாள் நான் பில்டர் பழக்கத்தில் 80:20 பொடியைப் போட்டு நன்றாக அழுத்தியும் வைத்தேன். மேலே ஒன்றும் வரவில்லை, வால்வு மட்டும் குக்கர் மாதிரி சீறியது. "அப்பா, அடுப்பை அணைங்க!" என்று மகன் ஓடி வந்தான். பொடியை நிரப்பி விரலால் சமன் செய்தால் போதும், அழுத்தவே கூடாது. உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து இறுக்கமாகத் திருகுங்கள். தீ மிகச் சின்னதாக. மேல் மூடியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள், தேன் நிறத்தில் நுரை வந்து கடகடவென்று சத்தம் கேட்டதும் அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் வருவது கசப்புதான். நம் காஸ் அடுப்புக் கம்பிகளுக்கு நடுவே இந்தச் சின்னப் பாத்திரம் நிற்காது, சாயும். நான் மேலே ஒரு இரும்புத் தோசைக்கல்லை வைத்து அதன்மேல் வைக்கிறேன், ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆகும். அலுமினியம் என்பதால் இண்டக்‌ஷனில் சூடாகாது. சபீனா போட்டுத் தேய்த்தால் கறுத்துப்போகும், அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

இதில் வரும் டிகாக்ஷனில் பால் விட்டால் பில்டர் காபிக்கு மிக அருகில் வருகிறது. இதை மனைவியிடம் சொன்னால், "அருகில வருது, உள்ள வரலியே" என்கிறாள்.

கடைசியாக அத்தை கொடுத்த பித்தளை பில்டர். இதிலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எவர்சில்வருக்குச் செய்வது போலவே அடைப்பு எடுக்கத் தீயில் காட்டினேன். உள்ளே பூசியிருக்கும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பது அப்போது நினைவில் இல்லை. பூச்சு திரண்டு முத்து முத்தாக உருண்டது. ஈயம் போன பித்தளையில் டிகாக்ஷன் இறக்கக் கூடாது, காபியின் புளிப்பு பட்டுக் களிம்பு ஏறும். பித்தளையில் அடைப்பு வந்தால் வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், புளி தேய்ப்பது வெளிப்பக்கம் மட்டும். முன்பெல்லாம் எங்கள் தெருவிலேயே துருத்தியோடு வந்து ஈயம் பூசித் தருவார்கள். இப்போது பழைய பாத்திரக் கடையில் சொல்லிவைத்தால்தான் உண்டு. நான் சொல்லி வைத்து ஒரு வருஷம் ஆகிறது. அதுவரை கீழ் டப்பாவில் மனைவி கரண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறாள். மேல் டப்பா அடுப்படி ஜன்னலில் கற்பூரவல்லிச் செடியோடு இருக்கிறது. அடியில் துளை இருப்பதால் தண்ணீர் தேங்குவதில்லையாம்.