கிளென் கூல்டின் பாக்: எந்தப் பதிவை முதலில் கேட்பது?

கனடா பியானோ கலைஞர் கிளென் கூல்ட் வாசித்த, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' (ஒரு தொடக்க இசைத்துண்டும் அதன் 30 மாறுபாடுகளும்) கேட்க ஆசையா? பெயரை மட்டும் தேடாதீர்கள், ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். நியூயார்க்கில் ஒரே ஸ்டூடியோவில் 1955இல் ஒருமுறை, 1981இல் இன்னொரு முறை பதிவு செய்தார்; முதலாவது சுமார் 38 நிமிடம், அடுத்தது 51.

எம்ஆர்டி ரயிலில் கேட்காதீர்கள், கதவு மூடும் ஓசையிலும் அறிவிப்புகளிலும் மெல்லிய இடங்கள் எல்லாம் கரைந்துவிடும். இரவில், வீட்டில், மின்விசிறியைக் குறைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

முதலில் 'ஆரியா' என்ற அந்தத் தொடக்கத் துண்டை மட்டும் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். 1955இல் இரண்டு நிமிடம்கூட ஆகாது, 1981இல் மூன்றைத் தாண்டும், ஒவ்வொரு சுரத்தையும் விட மனமில்லாமல் விடுவது போல இருக்கும். பின்னால் முனகல் கேட்டால் ஹெட்ஃபோனைக் குறை சொல்ல வேண்டாம், அது கூல்டின் குரல்தான், வாசிக்கும்போது கூடவே பாடுவார்.

அப்புறம், கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் சங்கதி போல அதே மெட்டு திரும்ப வரும் என்று காத்திருப்பார்கள். வராது. 30 வேரியேஷனிலும் திரும்புவது அடியில் போகும் கீழ்ச்சுரங்களின் போக்குதான், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 25ஆவதை மட்டும் இரண்டு பதிவிலும் தனியாக இன்னொரு முறை கேளுங்கள், எனக்கு 1981தான்.